பலேர்மோ பதில்கள்: ரீவிக்காரர் கட்சி தொடங்கிய கதை

பலேர்மோவில் நான் வேலை பார்த்த வீடு ஒன்றின் ரீவிப் பெட்டியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது சில்வியோ பெர்லுஸ்கோனியின் பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். கட்டடம் கட்டி விற்றவர், மூன்று அலைவரிசைகளுக்குச் சொந்தக்காரர், 1994 இல் கட்சி தொடங்கி அதே வருடம் இத்தாலியின் பிரதமரானவர் என்று ஒரே ஒரு வரிதான். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை சாம்பார், சந்நிதி, விசா பற்றிய கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது.

கட்டடம் கட்டி விற்ற மனிதர் என்கிறீர்கள். அவர் கைக்கு மூன்று ரீவி எப்படிப் போய்ச் சேர்ந்தது? அரசாங்கம் பார்த்துக்கொண்டா இருந்தது?
*வவுனியா வாசகர்*

பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

1970களில் மிலானுக்குப் பக்கத்தில் செக்ராத்தே என்ற இடத்தில் 'மிலானோ துவே' என்றொரு குடியிருப்பைக் கட்டினார். வசதியான ஆட்கள் ஏறக்குறைய 10,000 பேர் வசிக்கும் இடம். நடுவில் ஒரு சின்ன ஏரி, அதில் அன்னங்கள். வீடுகளுக்குக் கேபிள் இழுத்திருந்தார்கள். அந்தக் கேபிளில் 1974 இல் தெலெமிலானோ என்று ஒரு குட்டி ரீவி தொடங்கியது. ஆரம்பம் அவ்வளவுதான்.

1976 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தனியார் ரீவி நடத்தலாம், ஆனால் உள்ளூர் அளவில் மட்டும். நாடு முழுக்க ஒளிபரப்பும் உரிமை அரசின் 'ராய்' நிறுவனத்துக்கே. இதைக் கேட்டு மற்ற முதலாளிகள் பலர் உள்ளூரோடு நின்றார்கள். இவர் என்ன செய்தார்? ஊருக்கு ஊர் சின்னச் சின்ன நிலையங்களை வாங்கினார், வாங்க முடியாதவற்றோடு ஒப்பந்தம் போட்டார். மிலானில் பதிந்த நிகழ்ச்சியைக் கசெற்றில் நகல் எடுத்து முன்கூட்டியே எல்லா நிலையத்துக்கும் அனுப்பிவிடுவார். குறித்த நாள், குறித்த நேரத்தில் எல்லோரும் கசெற்றைப் போடவேண்டும். விளம்பரமும் அந்தக் கசெற்றுக்குள்ளேயே இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அவை உள்ளூர் நிலையங்கள். வீட்டில் கதிரையில் இருந்து பார்க்கிறவருக்கு அது நாடு முழுக்கத் தெரியும் ஒரே ரீவி. 1980 இல் அதற்குக் கனாலே சின்க்வே, அதாவது ஐந்தாம் அலைவரிசை என்று பெயரும் வைத்தாயிற்று. 1984 முடிவதற்குள், போட்டிக்கு நின்ற பதிப்பக முதலாளிகளிடமிருந்து இத்தாலியா உனோ, ரெதே குவாத்ரோ இரண்டையும் வாங்கிவிட்டார். அவர்கள் புத்தகம் விற்றுப் பழகியவர்கள். இவருக்கு விளம்பரம் விற்கத் தெரியும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முந்தநாள் தபாலில் போட்ட கசெற்றில் இன்றைய செய்தியைச் சொல்ல முடியாது. அதனால் பத்து வருடத்துக்கு மேல் அந்த அலைவரிசைகளில் நாள்தோறும் வரும் செய்தி அறிக்கையே கிடையாது. 'டாலஸ்' போன்ற அமெரிக்கத் தொடர், பரிசுப் போட்டி, கார்ட்டூன், பகிடி நிகழ்ச்சி, உதைபந்தாட்டம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

யாரும் வழக்குப் போடவில்லையா?
*பேராதனையிலிருந்து சட்டம் படிக்கும் மாணவர்*

போட்டார்கள் தம்பி. 1984 ஒக்டோபர் 16 இல் துரின், ரோம், பெஸ்காரா ஆகிய மூன்று இடத்து நீதவான்களும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒளிபரப்பை நிறுத்தவைத்தார்கள். அந்தப் பகுதிகளில் திரை கறுத்துப்போயிற்று. நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? கருத்துச் சுதந்திரம் போயிற்று என்று யாரும் அழவில்லை. பின்னேரம் வரும் நீலநிறக் குள்ளர்களின் கார்ட்டூன் எங்கே என்று பிள்ளைகள் அழ, தாய்மார் தொலைபேசியில் சண்டைக்கு நின்றார்கள். அப்போது பிரதமர் சோசலிஸ்ட் கட்சியின் பெத்தினோ கிராக்சி, பெர்லுஸ்கோனியின் நெருங்கிய நண்பர். 1990 இல் பெர்லுஸ்கோனி இரண்டாம் தரம் கல்யாணம் செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். நாலே நாளில் அவசரச் சட்டம் வந்தது, திரை வெளித்தது. பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. கிராக்சி இன்னொன்றைக் கொண்டுவந்து 1985 இல் நிறைவேற்றிக்கொண்டார்.

1990 இல் அமைச்சர் மம்மியின் பெயரில் வந்த சட்டம் மூன்று அலைவரிசையும் அவருக்கே என்று முத்திரை குத்தியது. இதற்கு ஒத்துப்போக மாட்டோம் என்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அமைச்சர்கள் ஐந்து பேர் பதவியை எறிந்துவிட்டுப் போனார்கள். அதில் கல்வி அமைச்சராக இருந்தவர் எங்கள் பலேர்மோக்காரர், செர்ஜியோ மத்தரெல்லா. 2015 இல் நாட்டின் சனாதிபதியானாரே, அவரேதான்.

நண்பர்கள் ஆட்சியில் இருந்தால் வியாபாரம் நன்றாகத்தானே ஓடும்? தானே அரசியலில் இறங்கவேண்டிய தேவை என்ன?
*யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற அதிபர்*

ஐயா, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டீர்கள். நண்பர்கள் இல்லாமல் போனார்கள்.

1992 பெப்ரவரி 17 அன்று மிலானில் முதியோர் இல்லம் ஒன்றின் தலைவர் மாரியோ கியேசா, துப்புரவுக் கொம்பனிக்காரரிடம் ஏழு மில்லியன் லீரா கைக்கூலி வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டார். கிராக்சியின் கட்சிக்காரர். முதலில் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது நூல் உருண்டை மாதிரி அவிழத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள், நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்சியில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கலைந்தே போயிற்று. கிராக்சி துனீசியாவுக்கு ஓடி, 2000 இல் அங்கேயே இறந்தார்.

1993 முடிவில் பெர்லுஸ்கோனியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொம்பனி தலைக்கு மேல் கடனில். காப்பாற்றிய கட்சிகள் இல்லை. ரோம், நேப்பிள்ஸ் நகரசபைகளை இடதுசாரிகள் பக்கம் பிடித்துவிட்டது. அடுத்த பொதுத்தேர்தலும் அவர்களுக்கே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் வந்தால் ஒரு ஆளுக்கு மூன்று அலைவரிசை என்ற கதை நீடிக்காது. நாட்டைக் கம்யூனிசத்திலிருந்து காப்பாற்ற வந்ததாக அவர் சொன்னார். அதை அவர் நம்பியும் இருக்கலாம். ஆனால் கடையைக் காப்பாற்ற வந்தார் என்பதுதான் என் வாதம்.

முதல் அறிகுறியே ஒரு கடைத் திறப்புவிழாவில்தான் வெளிப்பட்டது. 1993 நவம்பரில் பொலோனியாவுக்குப் பக்கத்தில் கசலெக்கியோ என்ற ஊரில் தன்னுடைய பெரிய சூப்பர்மார்க்கெற் ஒன்றைத் திறந்து வைக்கப் போனார். செய்தியாளர்கள் ரோம் மேயர் தேர்தலைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே வாக்கு இருந்தால் பழைய பாசிசக் கட்சியின் வாரிசான பீனிக்கே போடுவேன் என்றார். நாடு அதிர்ந்தது. இள வயதில் பெர்லுஸ்கோனி கப்பல்களில் பாட, பியானோ வாசித்த கூட்டாளி கொன்பலோனியேரி பிறகு கொம்பனியின் பெரிய தலையானவர். அவரே இந்த அரசியல் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார்.

ஒரே ஒரு வீடியோவைக் காட்டித் தேர்தலை வென்றார் என்று வாசித்தேன். உண்மையா?
*கோயம்புத்தூர் வாசகி*

வீடியோ உண்மை. வென்றது அதனால் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

1994 ஜனவரி 26. ஒன்பது நிமிடம் ஓடும் பதிவு. மேசை, பின்னால் புத்தகத் தட்டு, குடும்பப் படங்கள். முகம் மென்மையாகத் தெரிய கமராக் கண்ணாடிக்கு மேல் பெண்கள் போடும் நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினார்கள் என்று இங்கே ஒரு கதை உண்டு. "இத்தாலி நான் நேசிக்கும் நாடு. இங்கேதான் என் வேர்கள், என் நம்பிக்கைகள்" என்று தொடங்குவார். அரசியலில் சேர்கிறேன் என்று சொல்லவில்லை, 'மைதானத்தில் இறங்குகிறேன்' என்றார். உதைபந்தாட்டக்காரர் பேச்சு. ஏசி மிலான் அணியை 1986 இல் வாங்கி, அது 1989 இலும் 1990 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியிருந்தது. கட்சிக்கும் தேசிய அணிக்கு மைதானத்தில் போடும் கோஷத்தையே பெயராக வைத்தார்: 'போர்சா இத்தாலியா', இத்தாலியே விடாதே! இனி எந்த எதிர்க்கட்சிக்காரன் தன் நாட்டு அணிக்கு வாய்விட்டுக் கத்துவான்?

பதிவை எல்லா ரீவிகளுக்கும் கசெற்றாக அனுப்பினார். கேள்வி கேட்க நிருபர் யாரும் இல்லை. கசெற் அனுப்புவதுதான் அவருக்குக் கைவந்த தொழிலாயிற்றே.

இரண்டு மாதத்தில் ஒரு கட்சியா? எங்கள் ஊரில் ஒரு சங்கத்துக்குச் செயலாளர் தெரிவு செய்யவே வருடமாகிறது.
*பாரிஸ், விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி*

உன் தொழில்தான் அந்தக் கட்சி. பப்ளிதாலியா என்று அவருக்கு விளம்பரம் விற்கும் கொம்பனி ஒன்று. வடக்கிலிருந்து தெற்கு வரை முகவர்கள், ஒவ்வொரு மாகாணத்திலும் எந்த முதலாளி யார், எந்த வக்கீலுக்கு ஊரில் பெயர் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர்கள். அவர்களில் பலர் கட்சி அமைப்பாளர்களானார்கள், சிலர் வேட்பாளர்களுமானார்கள். அணி ரசிகர் மன்றம் மாதிரி ஊருக்கு ஊர் 'போர்சா இத்தாலியா கிளப்'. வேட்பாளர்களுக்குக் கமராவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று பயிற்சி.

கூட்டணியும் அப்படித்தான். வடக்கைப் பிரிக்க நினைத்த கட்சியின் தலைவர் பொஸ்ஸியோடு வடக்கில் ஒரு கூட்டணி, நாடு ஒன்றே என்ற பீனியோடு தெற்கில் இன்னொரு கூட்டணி. அவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் கண்ணில் காட்டக்கூடாது. நடுவில் இவர்.

வாக்களிப்புக்கு முன் மார்ச் 23 அன்று கனாலே சின்க்வேயில் நேருக்கு நேர் விவாதம். இடதுசாரித் தலைவர் ஒக்கெத்தோ மண்ணிறக் கோட்டோடு வந்தார், அந்தக் கோட்டைப் பற்றி இங்கே இன்றும் கதைப்பார்கள். மார்ச் 27, 28 இல் தேர்தல். போர்சா இத்தாலியாவுக்கு 21 வீதம், முதலாவது இடம். மே மாதம் பிரதமர். டிசம்பரில் பொஸ்ஸி காலை வாரிவிட்டார், ஆட்சி போயிற்று. ஆனால் மனிதர் போகவில்லை.

நீங்கள் அங்கேயே இருந்தவர். சாதாரண சனம் ஏன் வாக்குப் போட்டது? படித்தவர்கள் சொல்லும் விளக்கம் வேண்டாம், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.
*மட்டக்களப்பு வாசகி*

அப்படியென்றால் சிஞோராவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். நான் பார்த்துக்கொண்ட மூதாட்டி, வங்கி அதிகாரியின் விதவை, கொஞ்சம் கடுகடுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரெதே குவாத்ரோ. தென்னமெரிக்காவில் எடுத்து இத்தாலிய மொழியில் குரல் கொடுத்த தொடர்கள், ஒன்று முடிய மற்றது. நான் உடுப்பு ஸ்திரி போட்டுக்கொண்டே பார்ப்பேன். என் இத்தாலிய மொழியில் பாதி அப்படி வந்ததுதான், அதனால்தான் நான் இன்றைக்கும் கோபம் வந்தால் நாடகக்காரி மாதிரிக் கதைக்கிறேன் என்று மகள் சொல்லுவாள். ஏழு மணியை ஒட்டி எமீலியோ பேதே செய்தி வாசிக்க வருவார். அவரும் சிசிலிக்காரர். பெர்லுஸ்கோனியின் பெயரைச் சொல்லும்போது முகமே மாறும், புதுமாப்பிள்ளை போல. மாற்றுக்கட்சிக்காரரின் படம் வந்தால் ஒரு பெருமூச்சு. சிஞோராவும் கூடவே பெருமூச்சு விடுவா.

1995 மாகாணத் தேர்தல் இரவை மறக்க மாட்டேன். பேதே ஒரு பெரிய வரைபடத்தில், கருத்துக்கணிப்பை நம்பி வலதுசாரிகள் வென்ற இடமென்று கொடி குத்திக்கொண்டே போனார். உண்மையான எண்ணிக்கை வர வர, குத்திய கொடியைப் பிடுங்கவேண்டி வந்தது. "பாவம், அந்த மனுசனைக் களைக்கப் பண்ணுகிறார்கள்" என்றா சிஞோரா. தோற்றவருக்காக இல்லை, கொடி பிடுங்குகிறவருக்காக.

அவவிடம் ஒருநாள் கேட்டேன், ஏன் இவருக்குப் போடுகிறீர்கள் என்று. வரிக்கொள்கை, கம்யூனிசம் ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை வருடமாக இந்த வீட்டில் எனக்குத் துணை யார்?" என்று பெட்டியைக் காட்டினா. எனக்குக் கொஞ்சம் மனம் நொந்தது, நானும் அங்கேதான் நின்றேன்.

படித்தவர்களின் விளக்கம் வேண்டாமென்றாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது சிஞோரா சொன்னதோடு பொருந்துகிறது. மூன்று இத்தாலியப் பொருளியலாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வு. மலை மறைத்ததாலோ கோபுரம் தூரத்தில் இருந்ததாலோ சில ஊர்களுக்கு இவருடைய ரீவி முந்தித் தெரிந்தது, சிலவற்றுக்குப் பிந்தித் தெரிந்தது. 1985 க்கு முன்பே தெரிந்த ஊர்களில் அவருடைய கட்சிக்கு ஏறக்குறைய ஒரு வீதம் அதிக வாக்கு, அதுவும் ஐந்து தேர்தல் வரைக்கும். அந்த முந்திய வருடங்களில் ஓடியது எல்லாம் கேளிக்கைதான். மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். சனத்தைப் பிரச்சாரத்தால் மயக்கினார் என்பவர்கள் 1994 இலிருந்து எண்ணுகிறார்கள். 1980 இலிருந்து எண்ணவேண்டும் என்கிறேன் நான். அவர் வாக்குக் கேட்டு வந்தபோது ஏற்கனவே வீட்டு ஆள்.

அவர் மறுபடி பிரதமரான 2001 பொதுத்தேர்தலில் சிசிலியில் என்ன நடந்தது என்றால், 61 தொகுதி ஆசனங்களில் 61 ம் அவருடைய கூட்டணிக்கு. பந்தாட்ட முடிவு மாதிரி 'அறுபத்தொன்றுக்குப் பூச்சியம்' என்று இங்கே சொல்லுவார்கள்.

எம்.ஜி.ஆரும் திரையிலிருந்து வந்தவர்தானே. இவரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?
*மதுரை வாசகர்*

எம்.ஜி.ஆர் திரையில் நடித்தவர், ஐயா. தியேட்டர் எல்லாம் அவருடையதா?

சொந்த ரீவி வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கத் தடை இல்லையா?
*கொழும்பு வாசகர்*

1957 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசிடமிருந்து பெரிய உரிமம் பெற்றவர்கள் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்கிறது. உரிமப் பத்திரத்தில் சட்டப்படி பொறுப்பானவர் பெர்லுஸ்கோனி இல்லை, கொம்பனியின் வேறொரு அதிகாரி, ஆகவே தடை பொருந்தாது என்று பாராளுமன்றக் குழு முடிவு சொன்னது. அந்தக் குழுவில் எதிர்க்கட்சிக்காரரும் இருந்தார்கள், அவர்கள் பெரும்பான்மையாக இருந்த காலத்திலும் அதே முடிவுதான். எனக்கு அவரைவிட இவர்கள்மேல்தான் கோபம். 1995 ஜூனில் ஒரு ஆளுக்கு எத்தனை அலைவரிசை என்று சர்வசன வாக்கெடுப்பும் வைத்துப் பார்த்தார்கள். குறைக்க வேண்டாம் என்று சனம் சொல்லிவிட்டது.

உங்கள் ஊர் பலேர்மோ என்றால் மாபியா பற்றிச் சொல்லாமல் விடலாமா?
*லண்டன் வாசகர்*

நீதிமன்றம் சொன்னதோடு நிற்கிறேன். பப்ளிதாலியாவைக் கட்டி எழுப்பிய மர்செல்லோ தெல்லுத்ரி பலேர்மோவில் பிறந்தவர். மாபியாவுக்கு வெளியிலிருந்து துணைபோன குற்றத்துக்கு 2014 இல் ஏழு வருடச் சிறை உறுதியானது. தீர்ப்புக்குச் சற்று முன் அவரைப் பெய்ரூத்தில் பிடித்தார்கள். பெர்லுஸ்கோனிமேல் அப்படி ஒரு குற்றம் ஒருபோதும் நிரூபணமாகவில்லை.

அப்படியானால் அவருக்குத் தண்டனையே இல்லையா?
*அதே வாசகர், அடுத்த கடிதத்தில்*

வழக்குகள் ஏராளம், இறுதிவரை நின்றது ஒன்று. ரீவி உரிமைகள் வாங்கிய கணக்கில் வரி ஏய்ப்பு, 2013 ஓகஸ்ட் 1. நாலு வருடம், அதில் மூன்று பொதுமன்னிப்பில் கழிந்தது. வயது எழுபதுக்கு மேல் என்பதால் சிறை இல்லை. செனற் ஆசனம் போயிற்று. மிலானுக்குப் பக்கத்தில் செசானோ பொஸ்கோனே முதியோர் இல்லத்தில் வாரத்தில் அரை நாள் சேவை செய்யும்படி அனுப்பினார்கள். அதாவது என் தொழில். என்னைக் கேட்டிருந்தால் சம்பளமில்லாத அரை நாளைத் தண்டனை என்று சொல்லியிருக்க மாட்டேன், எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதைச் சும்மா செய்கிறார்கள்.

வெளிநாட்டவர்களுக்கு அவர் ஆட்சி கெடுதல்தானே?
*நாப்போலியில் இருக்கும் தங்கச்சி*

உனக்குத் தெரியாததா? 2002 இல் வந்த பொஸ்ஸி-பீனி சட்டம் எங்கள் விரல் அடையாளத்தை எடுத்தது, வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு கட்டிப்போட்டது. முதலாளி கோபித்தால் பத்திரமும் போயிற்று. ஆனால் அதே வருடம் தொடங்கி, அதே அரசு, வீட்டு வேலைக்காரரும் முதியோரைப் பார்ப்பவர்களும் உட்பட ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பத்திரம் கொடுத்தது. அதற்கு முன் எந்த இடதுசாரி அரசும் அவ்வளவு கொடுக்கவில்லை. காரணம் கருணை இல்லை, அவர்களுக்கு வாக்குப் போடும் குடும்பங்களில் எல்லாம் ஒரு சிஞோரா இருந்தா, அவவுக்குச் சாப்பாடு கொடுக்க எங்களில் ஒருத்தி இருந்தாள். பலேர்மோவில் அப்போது பத்திரம் கிடைத்த சனம் சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்து போய் மெழுகுதிரி ஏற்றியது. பெர்லுஸ்கோனிக்கு யாரும் ஏற்றியதாகத் தெரியவில்லை.

வருகிற மாதம் மிலானுக்கு வருகிறேன். விமான நிலையத்துக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்களாமே, ரிக்கெற்றில் குழப்பம் வருமா?
*சென்னை வாசகர்*

வராது. அவர் 2023 ஜூன் 12 அன்று இறந்தார், மிலான் பேராலயத்தில் அரச மரியாதையோடு அடக்க ஆராதனை. மறு வருடம் மல்பென்சா விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள், மிலான் மேயர் அதை விரும்பவில்லை. சனம் இன்னும் மல்பென்சா என்றுதான் சொல்லும், நீங்களும் அப்படியே கேளுங்கள். வெளியே வந்து டாக்சிக்குக் காசு கொட்ட வேண்டாம், மல்பென்சா எக்ஸ்பிரஸ் ரயில் நேரே மத்திய நிலையத்துக்குப் போகும்.